மூன்று தட்டு

சாந்தா இனேஸ் நகரக் குடிநீர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை வந்த முதல் புகார் விநோதமாக இருந்தது. மலையுச்சித் தெருவில் ஒரு வீடு. தண்ணீர் ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனால் குழாய்க்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

"காத்து அடைச்சிருக்கும்" என்றார் தலைமை இன்ஜினியர் எவெலியோ.

"காத்து மூணு தட்டு தட்டிட்டு, நிறுத்தி, மறுபடி மூணு தட்டுமா சார்?" புகார் வாங்கும் டெல்ஃபினா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவர் காபியைக் கீழே வைத்தார்.

மூன்று தட்டு என்றால் 'தண்ணியை நிறுத்து'. குழாய்க்குள் இறங்கும் ஆட்களும் அவர்கள் வீட்டாரும் அறிந்த சைகை. ஒன்பது வருடத்துக்கு முன், ஊர்த் திருவிழாவன்று, பிரதானக் குழாய்க்குள் வண்டல் சுரண்டத் தவழ்ந்து போயிருந்தான் இகினியோ, டெல்ஃபினாவின் கணவன். சதுக்கத்தில் புது நீரூற்றைத் திறக்க மேயர் காத்திருந்தார். போன் மேல் போன். ஆள் இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிந்தேதான் எவெலியோ வால்வைத் திருகினார். இரும்பில் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கேட்டவர் அவர் ஒருவர்தான். இகினியோ எவளோடோ எல்லை தாண்டி ஓடிவிட்டான் என்று ஊரை நம்பவைத்தார். டெல்ஃபினா மேல் இரக்கப்பட்டு வேலையும் போட்டுக் கொடுத்தார். உடலைத் தேடவே இல்லை.

செவ்வாயன்று புகார் இரண்டு தெரு கீழேயிருந்து வந்தது. புதனன்று கோயில் தெரு. வியாழன் மதியம், எவெலியோவின் பக்கத்து வீடு.

"இறங்கிக்கிட்டே வருது சார்" என்றாள் டெல்ஃபினா. "உங்க வீட்ல இன்னிக்கு யாரும் இல்லல்ல?"

"இல்ல. ஏன்?"

"சும்மாதான்."

மழையில் வீட்டுக்கு ஓடினார். வாசல் வால்வை இறுக மூடினார். சாவியைக் கதவுப் பூட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தபோது, துருவும் பழைய வண்டலும் கலந்த வாடை சமையலறையிலிருந்து புறப்பட்டு, ஈரத் துணியைப் போல மூக்கிலும் தொண்டையிலும் மெல்லப் படிந்துகொண்டே வந்தது.

சுவருக்குள் மூன்று தட்டு.

நின்றது. மறுபடி மூன்று. குளியலறைப் பக்கம். இப்போது கூடத்தில். அவர் தோளுயரத்தில்.

சமையலறையில் மூடியிருந்த குழாய் தானாகத் திறந்துகொண்டது. முதலில் சேறு. பிறகு தண்ணீர். பிறகு விரல்கள். நகங்கள் தேய்ந்துபோன நான்கு விரல்கள்.

கதவைத் திறந்தார். படியில் குடையோடு டெல்ஃபினா.

"வழி விடு, டெல்ஃபினா."

"வந்துட்டாரா சார்?"

அவர் வாயைத் திறக்குமுன் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவி திரும்பியது.

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு ஒம்பது வருஷம் பேர் சுமந்தேன்" என்றது வெளியே அவள் குரல், அமைதியாக. "ஓடலைன்னு வீடு வீடா சொல்லிட்டு வந்திருக்கார். உங்ககிட்டயும் சொல்லட்டும்."

தட்டல் நின்றுவிட்டது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

அவள் முதுகைக் காட்டிப் படியில் உட்காருவது கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. அதே கண்ணாடியில், அவருக்குப் பின்னால், குறுகிய குழாயில் வருடக்கணக்காக மடங்கிக் கிடந்த ஓர் உருவம், எலும்பு எலும்பாக, மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.