சம்பந்தியின் பசி

முத்து வகுப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பசி பரிமாறுவார்கள்.

பரிமாறித்தான் ஆகவேண்டும். நீலவேணி கப்பலில் ஏறியவர்களுக்குத் தின்பதை விட்டால் வேறு என்ன வேலை? கண் விழித்ததும் படுக்கைக்கே சந்தகையும் தேங்காய்ப்பாலும் வருகிறது. அது செரிப்பதற்குள் பஜ்ஜி. அப்புறம் மத்தியான விருந்து. சாயங்காலம் நீச்சல் குளத்திலேயே இறால் தட்டு மிதந்து வருகிறது. தூத்துக்குடி கண்ணுக்கு மறைந்த மறுநாளே வடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற கூட்டம் இது. இதற்கு ராத்திரி இருபத்தொரு வகை விருந்து போட்டால் யார் தின்பது? அதற்குத்தான் பசிமாற்றி. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, பொட்டு அளவு வில்லை. ஒருவருடைய வயிறு மூளைக்கு அனுப்பும் பசியை வழியிலேயே மடக்கி, இன்னொருவருடைய மூளைக்குத் திருப்பிவிடும். வாங்கினவருக்கு வயிறு கபகபவென்று எரியும். முதல் கவளம் அமிர்தமாக இறங்கும்.

வாங்குகிறவர்கள் முத்து வகுப்பு. கொடுக்கிறவர்கள் பவள வகுப்பு. இதில் ஒளிவுமறைவே கிடையாது. பசியில்லாப் பயணம், குமட்டல் வராது, இடுப்பு இளைக்கும் என்று அதையும் ஒரு சலுகையாகத்தான் விற்றார்கள். ஜனங்களும் அடித்துப் பிடித்து ஒட்டிக்கொண்டார்கள். பசி தெரியாதவர்கள் சாப்பிட மறந்துவிடக் கூடாதே என்று பவளத்தில் மணி அடிக்கும். கீழே அவர்கள் வயிறு நிறைய நிறைய, மேலே முத்துக்காரர்களுக்குப் பசி அடங்கும். வயதும் எடையும் உடல்வாகும் பொருந்துகிற இரண்டு பேரை இயந்திரமே பார்த்து ஜோடி சேர்த்துவிடும்.

இவ்வளவையும் யோசித்துச் செய்த பொறியாளர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. சம்பந்திகள் என்று ஓர் இனம் உலகத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

கடலில் கல்யாணம் என்பது மாப்பிள்ளையின் அம்மா தன்ஷிகாவின் ஏற்பாடு. காங்கயத்துக்காரி. தன் ஆட்களுக்கு முத்து வகுப்பும், கோபியிலிருந்து வந்த பெண் வீட்டாருக்குப் பவள வகுப்பும் பதிவு செய்துவிட்டு, "ரெண்டும் பிரீமியம்தானுங்க சம்பந்தி, பேர்தான் வேற" என்று போனில் தேனாகப் பேசினாள். ஏறின பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. முத்தில் பால்கனிக் கதவைத் திறந்தால் கடல் காற்று. பவளத்தில் பால்கனி உண்டு, கதவு திறக்காது. மீன் தொட்டிக்குள் இருக்கிற மீன் மாதிரி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். முத்தில் அறைக்கு ஒரு பணியாள், துண்டை யானையாக மடித்து வைக்கிறான். பவளத்தில் நாலு அறைக்கு ஒருவன், துண்டைத் துண்டாகவே வைக்கிறான். சமையலறை ஒன்றுதான். ஆனால் முத்தில் பரிமாறும் எந்திரம் நெய்யை ஊற்றிக்கொண்டே இருக்கும், அவர்கள் போதும் என்று சொல்கிறவரைக்கும். பவளத்தில் ஒரு கரண்டியோடு நகர்ந்துவிடும்.

பெண்ணின் அம்மா மோனிஷா இதையெல்லாம் ஒன்று விடாமல் கவனித்தாள். கவனித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பெண்ணைக் கொடுக்கிற இடமாயிற்றே.

அந்தப் பொறுமை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போயிற்று. மாப்பிள்ளைக்கென்று ஊரிலிருந்து செய்து எடுத்துவந்த ஒப்புட்டுப் போளியை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு முத்து வகுப்புச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனாள். வாசலிலேயே பரிமாறும் எந்திரம் குறுக்கே வந்து நின்றது. பவளத்தாருக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியில் சொன்னது. உள்ளே காங்கயத்துச் சொந்தம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் தன்ஷிகா.

"அவங்களை ஏன் நிக்க வெக்கறே? போகச் சொல்லு" என்றாள் தன்ஷிகா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கீழ அவங்களுக்கு மணி அடிப்பாங்க. அப்பப் போய்த் தின்னுக்குவாங்க."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்தவர்கள்.

மோனிஷாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க சம்பந்தி, மணி அடிச்சாத் தின்கிறதுக்கு நாங்க என்ன உங்க கட்டுத்தரை மாடுங்களா? இத்தனை பேர் முன்னாடி நீங்க மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இந்தக் கப்பல்ல நான் கை நனைக்க மாட்டேனுங்க. கல்யாணமே ஆனாலும் சரி."

ஒப்புட்டுத் தட்டை எந்திரத்தின் தலையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மரியாதைக்கு ஒரு 'ங்க' குறையாமல் சண்டை போடுவது அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த வித்தை.

சம்பந்தி கை நனைக்க மாட்டேன் என்றால் அது சாதாரணப் பேச்சில்லை. வேறு காலமாக இருந்தால் பசி தாங்க மாட்டாள் என்று மறுநாளே யாராவது சமாதானம் பேசி, இரண்டு வாய் சாப்பிட வைத்திருப்பார்கள். இவளுக்குத்தான் பசியே கிடையாதே! மணி அடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தாள். உலகத்தில் இவ்வளவு சுகமாக எவரும் உண்ணாவிரதம் இருந்திருக்க முடியாது.

மேலே தன்ஷிகா அன்று இருபத்தொரு வகையையும் தின்றாள். பக்கத்தில் ஒவ்வொருவராக ஏப்பம் விட்டு எழுந்தார்கள். இவளுக்குப் பசி அடங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வயிறு மத்தளமாக வீங்கி, மூச்சு முட்டி, வாந்தி எடுத்துவிட்டு வந்து ரசத்தை அண்ணாந்து குடித்தாள். பசி அப்படியே இருந்தது. மறுநாள் மத்தியானம் கட்டிலில் கிடந்து, தொட்டால் வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதே, ஐயோ பசிக்குதே" என்று அழுதாள். புருசன் வந்து எட்டிப் பார்த்தார். "இத்தனை தின்னதுக்கு அப்புறமுமா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார்.

பசி மேலாளர் கிளாட்வினைக் கூப்பிட்டார்கள். தூத்துக்குடிப் பையன், பசிமாற்றிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. கையிலிருந்த திரையைப் பார்த்தவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"மேடம், வயிறுதான் உங்களோடது. பசி உங்களோடது இல்ல. யாரோட பசியோ அவங்க சாப்பிட்டாத்தான் அடங்கும்."

"எவ அவ? போய்த் திங்கச் சொல்லு!"

"கோபி மோனிஷா மேடம்."

தன்ஷிகாவின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கும் அவளுக்கும் எதுல பொருத்தம்னு சேத்து வெச்சீங்க?"

"வயசு, எடை, உடல்வாகு..." என்று ஆரம்பித்தவன் அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"பிடுங்கி எறி இதை!"

"கொடுக்கிறவங்க பட்டினியா இருக்கும்போது பிடுங்கினா, பசி உங்க தலையிலேயே தங்கிடும் மேடம். அப்புறம் ஆயுசுக்கும் போகாது. அவங்க வயிறு நிறையணும். நிறைஞ்சதும் கழட்டிடலாம், இல்லேன்னா வேற ஆளுக்கு மாத்திடலாம்."

தன்ஷிகா தானே ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு பவளத்துக்கு இறங்கினாள். அரிசிம்பருப்பு சாதம், மேலே குளமாக நெய். கிளாட்வின் பின்னாலேயே வந்தான். வழியெல்லாம் அவள் கை தட்டை நோக்கிப் போய்ப் போய்த் திரும்பியது.

மோனிஷா எழுந்து உட்கார்ந்தாள். பசி தெரியாவிட்டாலும் உடம்புக்குத் தெரியுமே. உதடு வெளுத்திருந்தது. "வாங்க சம்பந்தி. மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தீங்களா?"

"தப்புத்தானுங்க. வாய் தவறிப் போச்சு. எல்லார் முன்னாடியும் சொல்றேன். சாப்பிடுங்க."

இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற பொம்பளையா இவள்? மோனிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வீங்கின வயிறு. குழி விழுந்த கண். அந்தக் கண் தட்டிலிருந்து நகரவே இல்லை. புரிந்துவிட்டது.

"உங்க வயித்துல கிடந்து கத்தறது என் பசியா?" மோனிஷா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "அடேயப்பா! எப்படி இருக்குதுங்க?"

"உங்க காலைக்கூடப் பிடிக்கறேன். ஒரு வாய் தின்னுங்க."

"காலை வெச்சு நான் என்ன பண்றது? நாளைக்கு என் பொண்ணு உங்க வீட்டுக்கு வர்றா." சிரிப்பு நின்றுவிட்டது. "நான் வாக்கப்பட்ட வீட்டுல எல்லாரும் தின்னு முடிச்ச பொறவு சட்டியில ஒட்டினதுதான் எனக்கு. என் பொண்ணு இளவெயினி வயித்துல இருக்கும்போதும் அப்படித்தான். உனக்குப் பசிக்குதான்னு ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்களைப் பார்த்தா எனக்கு அந்த மூஞ்சிதான் தெரியுது. அந்த மண்டபத்துல உங்க பேச்சைக் கேட்டதிலிருந்து என் பொண்ணுக்கும் அந்தச் சட்டிதானோன்னு இருக்குது."

"நான் நல்லாத்தான் பாத்துக்குவேன்..."

"பாத்துக்குவீங்க. பாத்துக்கற மாதிரி பண்ணிடலாம்." மோனிஷா கிளாட்வின் பக்கம் திரும்பினாள். "ஏந்தம்பி, இதை ஆள் மாத்த முடியுமா? இவங்க காதுல இருக்கறது அப்படியே இருக்கட்டும். என் காதுல இருக்கறதை நாளைக்கு என் பொண்ணு காதுக்கு மாத்து. அவ பசி இவங்க வயித்துக்கு வரட்டும். அப்புறம் எப்படிப் பட்டினி போடறாங்கன்னு பார்க்கறேன். சம்மதம்னா இப்பவே சாப்பிடறேன்."

"வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு திட்டம் இருக்கு மேடம்" என்றான் கிளாட்வின் தயங்கிக்கொண்டே. "ஆனா ஏறும்போதே உங்க பொண்ணு வில்லை வேண்டாம்னுட்டாங்க, எனக்குச் சாப்பாடு பிடிக்கும்னு சொல்லி. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவ என் பொண்ணு" என்றாள் மோனிஷா.

"என் மருமக" என்றாள் தன்ஷிகா.

சம்பந்தம் பேசின நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.

மோனிஷா பிசைந்து ஒரு வாய் போட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த தன்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். கவளம் கவளமாக அங்கே இறங்க, இங்கே எரிச்சல் தணிந்தது. தட்டு காலியாகும்போது தன்ஷிகாவின் கன்னமெல்லாம் கண்ணீர். சாகிறவரைக்கும் இவளை மன்னிக்கக் கூடாது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடிவு செய்துகொண்டார்கள்.

மறுநாள் நடுக்கடலில் தாலி கட்டியாயிற்று. இளவெயினி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மணப்பெண்ணுக்கு யார் சோறு போடுகிறார்கள்? "ஏனுங்க, பந்திக்கு எப்பப் போவோம்? எனக்குக் குடலே வெளிய வந்துரும்" என்று புது மாப்பிள்ளை செழியனின் காதில் சொன்னாள். அவன் சிரித்தான். அப்போது மோனிஷா வந்து, "பூ சரியுது கண்ணு, திரும்பு" என்று தலைப்பூவைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

பந்தியில் உட்கார்ந்தபோது குடல் அமைதியாகிவிட்டது. சுடுசோற்றில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தாள். சூடு தெரிந்தது, உப்புத் தெரிந்தது. வேண்டும் என்று தோன்றவில்லை. அவரைக்காய்ப் பொரியல் எடுத்தாள். காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

நிமிர்ந்தாள். எதிர்ப் பந்தியில் மாமியார் தன் இலையைத் தொடாமல் இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் விழுங்கினாள். "தின்னு அம்முணி, சீக்கிரம். கையை நிறுத்தாதே."

இளவெயினி இடது கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பூவுக்கு அடியில் பொட்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அம்மாவைப் பார்த்தாள். மோனிஷா குனிந்துகொண்டாள்.

"அம்மா."

"உனக்காகத்தான் கண்ணு. இனி அந்த வீட்டுல உன்னை யாராலயும் பட்டினி போட முடியாது."

"உனக்குப் பசிக்குதான்னு ஒருத்தரும் கேக்கலைன்னு எத்தனை தடவை என் மடியில படுத்து அழுதிருப்பீங்க?" அவள் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள். "இனி என்கிட்ட யாரும் அதைக் கேக்கவே வேண்டியதில்ல பாருங்க. அத்தையைக் கேட்டாப் போதும்."

இளவெயினி பந்தி ஓரம் நின்ற கிளாட்வினைக் கூப்பிட்டாள். "இதைக் கழட்டுங்க."

"நீங்க வயிறு நிறையச் சாப்பிட்டாத்தான் கழட்ட முடியும் மேடம்."

"சாப்பிடலைன்னா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அவன் எதிர்ப் பந்தியைப் பார்த்தான். "அவங்களுக்குத்தான்."

அவள் இலையைப் பார்த்தாள். ஆசையாக இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்கிற பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை மூடினாள்.

"அம்முணி!" தன்ஷிகா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஒரே ஒரு வாய், சாமி. நான் ஊட்டி விடறேன்."

"ஏங்கண்ணு, வேண்டாங்கண்ணு, சாப்பிடு" என்று மோனிஷா மறுபக்கம் வந்து கையைப் பிடித்தாள். இரண்டு பேர் கையிலும் சோறு. சொந்தம் மொத்தமும் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

இளவெயினி இரண்டு கைகளையும் விலக்கிவிட்டு எழுந்தாள். "பசிக்கிறவங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

தன்ஷிகா தன் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தாள். நெய் வடிந்துகொண்டிருந்தது. அதை வாயில் போட்டுப் பிரயோஜனமில்லை என்பது அந்தப் பந்தியில் அவளைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. இருந்தும் போட்டுக்கொண்டாள்.