மாலாங்குக்குப் போன பிரதி

புது ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கியது.

விபோவோ முதலில் அதை மழை என்றுதான் நினைத்தான். சுராபாயாவின் பிற்பகல் இருண்டு, கூரை ஓடுகளில் நீர் இரைந்து, பக்கத்து வீட்டில் யாரோ சோயா தெம்பே பொரிக்கும் எண்ணெய் வாடை ஈரத்தோடு சன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டி மெல்ல இழுத்தது, சற்று நின்றது, நெஞ்சு அடைத்தவர்களைப்போல் கீச்சென்று மறுபடி இழுத்தது.

மனைவி லாராஸ் கல்யாண வீடுகளில் படமெடுப்பவள். போன மாதம் கணினி படுத்துவிட, ஒரு ஜோடியின் கல்யாணமே காணாமல் போயிற்று. மணப்பெண்ணின் தாய் வாசலில் நின்று அழுததை லாராஸால் மறக்க முடியவில்லை. அதனால் அவளே ஏற்பாடு செய்தாள்: கணினியில் இருப்பதன் பிரதி ஒன்று இந்த டிஸ்க்கில், இன்னொன்று மாலாங்கில் அவள் அம்மா வீட்டில். அங்கேயும் ஒரு பெட்டியை வைக்கக் காலையில்தான் கிளம்பிப் போயிருந்தாள். இங்கே சேர்வதெல்லாம் இணையம் வழியே தானாக அங்கேயும் போய்ச் சேரும்.

போன் அடித்தது. கணவனை 'மாஸ்' என்றுதான் லாராஸ் கூப்பிடுவாள்.

"மாஸ், இங்க வர ஆரம்பிச்சிருச்சு. நீங்க அங்க ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்க. எடுக்க வரலைன்னா அது பேக்கப்பே இல்ல, வெறும் டப்பா."

"உத்தரவு, முதலாளியம்மா," என்று சிரித்தபடி வைத்தான்.

டிஸ்க்கைத் திறந்தான். லாராஸின் படங்களுக்கு மேலே ஒரு வீடியோ இருந்தது. அதன் பெயர் எண்டாங்.

எண்டாங் அவனுடைய முதல் மனைவி. வீடு அவளுடையது. இதே அறையில் பாட்டுப் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஆஸ்துமா வந்து இறந்துபோனாள் என்றுதான் ஊர் அறியும். அப்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தப் பதிவை அவன் அழித்தான். அதுவும் போதாதென்று பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் நொறுக்கி ஆற்றில் போட்டான்.

தொடாமலே வீடியோ ஓடியது.

எண்டாங் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கை நீட்டுகிறாள். கதவருகே விபோவோ. அவன் கையில் அவளுடைய இன்ஹேலர்.

"வீட்டை வித்துட்டு என்னைத் தொரத்தப் போறேன்னியே. இப்ப சொல்லு பாப்போம்."

அவள் உதடுகள் நீலமாகின்றன. அவன் நகரவில்லை.

அழித்தான். அதே இடத்தில் வந்து நின்றது. மறுபடி அழித்தான். வந்தது. டிஸ்க்கின் கம்பியைப் பிடுங்கினான். இழுப்பு நிற்கவில்லை. இப்போது அது பெட்டியிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடவே, நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் காட்டம்.

போன்.

"மாஸ்..." லாராஸின் குரல் உடைந்திருந்தது. "இங்க வந்த வீடியோவை நான், அம்மா, அண்ணன் எல்லாரும் பாத்துட்டோம். அந்த அக்காவை நீங்க..."

"பொய்டி லாராஸ். யாரோ ஜோடிச்சது."

"அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இப்ப நீங்க போன் பேசுறது தெரியுது."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"உங்க பின்னாடி அவங்க நிக்கிறாங்க."

திரும்பவில்லை. திரையைப் பார்த்தான். திரையில் அவன். அவன் தோளுக்கு மேல் அவிழ்ந்த கூந்தல். நீல உதடுகள் அவன் வாயருகே குனிந்தன.

எண்டாங் மூச்சை உள்ளே இழுத்தாள்.

அவன் நெஞ்சு அமுங்கியது. வாய் திறந்தான். காற்று போயிற்று. வரவில்லை. கையிலிருந்து நழுவி விழுந்த போனை நோக்கிக் கை நீட்டினான். எட்டவில்லை. அவள் இன்னும் இழுத்தாள். இன்னும்.

திரையில், அவள் கன்னங்களில் மெல்ல நிறம் ஏறிக்கொண்டிருந்தது.