அறுபத்தெட்டாவது முடிச்சு

மெஹர் பானு வந்து நின்றபோது, அவள் தகப்பனை ஜெயிலுக்கு அனுப்பப்போகிற சாட்சியம் அப்துல் ஜப்பாரின் பைண்டிங் கடையில், அழுத்துப்பலகைக்கு அடியில்தான் இருந்தது. சிவப்பு அட்டையும் பொன்னெழுத்தும் போட்டுத் தரும்படி உத்தரவு. சாட்சியமே ஆனாலும் கலெக்டர் பார்வைக்குப் போகிறதாயிற்றே, லட்சணமாக இருக்க வேண்டாமா என்பது வாசகசாலைத் தலைவர் மேலகரம் தங்கசாமியின் அபிப்பிராயம்.

1942, ஜூலை இரண்டாம் தேதி, வியாழக்கிழமை. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் தூவிக்கொண்டிருந்ததால் பசை காயவில்லை. சங்கிலிப்பாண்டி அதை ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தான். நெஞ்சளவில் அரை அங்குலம் போதவில்லை என்று போலீஸ் இலாகா திருப்பி அனுப்பிய ஆள் அவன். அன்றிலிருந்து அந்த அரை அங்குலத்தை மூளையால் ஈடு கட்டிவிடுவதென்று ஜப்பாரிடம் வந்து ஒட்டிக்கொண்டான். ஜப்பார் பிழைப்புக்குப் புத்தகம் கட்டுகிறவர்தான். ஆனாலும் பத்திரம் தொலைந்தாலும் கையெழுத்து மாறினாலும் தென்காசி வக்கீல்கள் அவரிடம்தான் வருவார்கள். காகிதம் பொய் சொன்னால் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று ஊரில் பேச்சு.

"மாமா, வாப்பாவ நேத்தே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ" என்றாள் மெஹர் பானு. "வாசகசாலைப் பேப்பர்ல இருந்து சண்டைப் படத்தையெல்லாம் வெட்டி சப்பான்காரனுக்கு அனுப்புனாராம். சனிக்கிழமை ரயில்ல வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோறாவளாம்."

"உக்காரு தாயி. உங்க வாப்பாவுக்கு வாசகசாலையில என்ன சோலி?"

அவள் சொன்னாள். அவள் கணவன் ஹபீபுல்லா பர்மாவில் கைலி வியாபாரம். சண்டை வந்து கப்பலும் நின்றுபோகவே, மோனிவா என்ற ஊரிலிருந்து மலைவழியாக மணிப்பூருக்கு நடக்கப்போவதாக ஏப்ரல் கடைசியில் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் தகப்பன் பரீதுக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் தெரியும். தினமும் மத்தியானம் வாசகசாலைக்குப் போய், இங்கிலீஷ் பேப்பரில் இருக்கும் பர்மா தேசப்படத்தின்மேல் ஒரு நூலை வைத்துப் பார்ப்பார். மருமகன் நடக்கிற ஒரு நாளைக்கு நூலில் ஒரு முடிச்சு.

"நேத்தோட அறுபத்தஞ்சு" என்றாள். "மொதல்ல அரை விரக்கடை தள்ளித் தள்ளிப் போட்டாரு. இப்பம்லாம் நெல்லுமணி அளவுதான். அந்த நூலையும் எடுத்துட்டுப் போயிட்டாவ. சங்கேதமாம்."

"மொதல்ல நீட்டு, பொறவு குட்டை. தந்தி பாஷைன்னு நெனச்சிருப்பாவ" என்றான் சங்கிலிப்பாண்டி, தானே அப்படி நினைத்துவிட்ட வெட்கத்தில்.

ஜப்பார் அவனைப் பார்க்கவில்லை. "நெல்லுமணி அளவு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "வீட்டுக்குப் போம்மா. பேப்பர் என் கையிலதான் இருக்கு. அதுகிட்டக் கேக்குதேன்" என்றார்.

*

தலைவர் தங்கசாமியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் ஆறு வருஷமாக உலக யுத்தங்களையெல்லாம் ஆதி முதல் அந்தம் வரை ஆராய்ந்து ஒரு மகா சரித்திரம் எழுதிவருகிறார். முன்னுரை எண்பது பக்கம் முடிந்துவிட்டது. கலெக்டர்களுக்கு நன்றியுரை பன்னிரண்டு பக்கம், கலெக்டர் மாறும்போதெல்லாம் திருத்தப்பட்டு வருகிறது. சரித்திரம்தான் இன்னும் தொடங்கவில்லை. ஆராய்ச்சிக்காக வாசகசாலையின் ஒரே தேசப்படப் புத்தகமும், யுத்த நூல்கள் இரண்டு அலமாரியும் அவருடைய குற்றாலம் பங்களாவுக்குப் போய் வருஷம் மூன்றாகின்றன. ஊருக்கு மிஞ்சியது தினப் பேப்பர் ஒன்றுதான். சீஸன் நாளில் அதுவும் ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் பங்களாவுக்குப் போகும். தலைவர் எண்ணெய்க்குளியலோடு உலக நிலவரத்தைக் கவனித்து முடித்தபின், மத்தியான பஸ்ஸில் வாசகசாலைக்குத் திரும்பி வரும்.

சனிக்கிழமை மாலை கலெக்டர் தலைமையில் அவர் குற்றாலத்தில் பர்மா யுத்தத்தைப் பற்றிச் சொற்பொழிவு செய்ய இருந்தார். அதற்கென்று ஜூன் மாதப் பேப்பர் கட்டைப் பிரித்தபோதுதான், மூன்று ஞாயிற்றுக்கிழமை இதழ்களில் பர்மா படம் இருந்த இடத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டார். கண்ட மறுநிமிஷம் உளவாளி என்று முடிவு செய்துவிட்டார். தினமும் படத்தைத் தடவுகிற கைலிக்காரன் ஒருவன் இருப்பதாக யாரோ சொல்லவும் ஆராய்ச்சி முடிந்தது.

ஜப்பார் அழுத்துப்பலகையைத் தூக்கி, சாட்சியமான அந்தப் பேப்பர் கட்டை விரித்தார். சங்கிலிப்பாண்டி கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தான்.

"மூணு ஓட்டையும் ஒரே அளவு, அண்ணாச்சி. உள்ளங்கை அகலம்."

"படங்க மூணும் ஒரே அளவா?"

சங்கிலிப்பாண்டி பார்த்தான். இல்லை. ஏழாம் தேதி இதழில் ரங்கூன் ஒரு கரையிலும் சீன எல்லை மறு கரையிலும் தொங்கிக்கொண்டிருக்க, நடுவயிறு மட்டும் காணோம். பதினாலாம் தேதியில் ஓட்டை இன்னும் மேலே. ருஷ்யச் செய்தியில் முக்கால்வாசியும், படத்தின் தலையில் ஓர் ஓரமும்தான் போயிருந்தன.

"படம் திருடுதவன் படத்தை விட்டுட்டு ருஷ்யாவையா வெட்டுவான்?" என்றார் ஜப்பார். "இன்னும் பாரு."

பதினாலாம் தேதி ஓட்டையின் விளிம்பில் எண்ணெய்க் கறை ஒன்று வளையமாக இருந்தது, பாட்டிலின் அடிப்பாகம் பதிந்த மாதிரி. பாதி வளையம் ஓட்டை விழுந்த தாளில். மீதிப் பாதி, ஓட்டை வழியாகக் கீழ்த்தாளில். கீழ்த்தாளைத் தனியே தூக்கிப் பார்த்தால், ஓட்டைக்கு நேரே இருந்த பாதி கறுப்பாகவும் மற்றப் பாதி வெளிறியும் தெரிந்தன. வளையத்தில் ஓரிடத்தில் சின்ன இடைவெளி. ஜப்பார் மோந்து பார்த்தார். மூலிகைத் தைல வாசம்.

"பரீது எண்ணெ தேச்சுக்கிட்டு வாசகசாலைக்கு வருவாரோ?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"ஏலே, கண்ணாடிய எடுத்து வையி. வெறுங்கண்ணுக்குத் தெரியுதது அதுல தெரியாது. தாளுக்கு எத்தன பக்கம்?"

"ரெண்டு."

"தலைவரு, இன்ஸ்பெக்டரு, நீ, எல்லாரும் ஒரு பக்கத்தையே பாக்கிய. மறுபக்கத்துல என்ன இருந்துச்சு?"

சங்கிலிப்பாண்டி தாளைத் திருப்பினான். மறுபக்கத்திலும் அதே ஓட்டைதான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்தில் அது ஒரு கட்டத்தின் கோட்டோடு கோடாக, ஒரு நூல் பிசகாமல் வெட்டப்பட்டிருந்தது.

*

கிழியாத பிரதி வேண்டுமே. காகிதத்துக்குப் பஞ்சம் வந்த காலம். சீஸனுக்கு வருகிறவர்கள் படித்துப் போடுகிற பேப்பரெல்லாம் குற்றாலத்துக் கடைகளில் பொட்டலமாகிவிடும். மறுநாள் காலையில் அருவிக்கரையில், தங்கத்தாயின் நேந்திரங்காய் வறுவல் கடையில் பழைய தாள்கட்டு ஒன்று அகப்பட்டது. பதினாலாம் தேதி ஞாயிறு கட்டின் அடியில் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் தாளை மட்டும் தா ஆச்சி, காசு தாரேன்" என்றான் சங்கிலிப்பாண்டி.

"தாளுக்கு வெல எனக்குத் தெரியாதுய்யா. வறுவலுக்குத்தான் தெரியும். தாளு வரிசையாத்தான் வரும். நடுவுல உருவுனா கட்டு சரிஞ்சிரும்."

பதினோராவது பொட்டலத்தில் அந்தத் தாள் வந்தது. துப்பறிதலில் இவ்வளவு உப்பு சேரும் என்று சங்கிலிப்பாண்டி நினைத்ததில்லை. தாளை உதறி விரித்தார்கள். ஒரு பக்கத்தில் பர்மா, முழுசாக. மறுபக்கத்தில், ஓட்டை விழவேண்டிய அதே இடத்தில், கட்டம் போட்ட சதுரம் ஒன்று.

சங்கிலிப்பாண்டி அதைப் படித்தான். இன்னொரு தரம் படித்தான். பிறகு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

*

பங்களாவின் பின்கட்டில் தங்கசாமி கோவணத்தோடு பலகைமேல் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிற மாடன் அவர் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் இன்ஸ்பெக்டர், சனிக்கிழமைப் பந்தோபஸ்தைப் பற்றிப் பேச வந்தவர்.

"பைண்டு முடிஞ்சிதா ஜப்பாரு?" என்றது பலகை.

"முடிஞ்சிது. ஒரு சந்தேகம். எசமான் பேப்பர் படிக்கும்போது எண்ணெப் பாட்டிலு எங்கன இருக்கும்?"

"காத்துக்குப் பறக்காம இருக்க பேப்பர் மேலதான் வப்பேன்" என்றான் மாடன், முதுகிலிருந்து. ஜப்பார் பாட்டிலைக் கேட்டு வாங்கித் திருப்பினார். அடி விளிம்பில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கட்டைத் திறந்து பாட்டிலைக் கறைமேல் வைத்தார். சில்லும் இடைவெளியும் பொருந்தின.

"இன்ஸ்பெக்டர் ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க. பாட்டிலு வச்ச பொறவுதான் வெட்டுனதுன்னா, இந்த வளையம் முழுசும் மேல்தாள்ல பதிஞ்சிருக்கும், கீழ்த்தாளுக்கு எல்லா எடத்துலயும் வெளுப்பாத்தான் ஊறியிருக்கும். இங்கன ஓட்டைக்கு நேரா கறுப்பா இருக்கு. அப்பம் பாட்டிலு நேரா கீழ்த்தாள் மேல ஒக்காந்திருக்கு. பாட்டிலு வைக்கையிலேயே ஓட்டை இருந்துச்சு. இந்தப் பாட்டிலு வாசகசாலைக்கு வந்ததில்ல. பரீது கைக்குப் பேப்பரு மத்தியானந்தான் வரும்."

"அப்பம் வெட்டுனது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர். கேட்கும்போதே, கேட்டிருக்க வேண்டாம் என்று அவர் முகம் சொன்னது.

ஜப்பார் வறுவல் தாளைத் திருப்பி வைத்தார். "குறுக்கெழுத்துப் போட்டி. மூணு ஞாயித்துக்கிழமைக் கூப்பனையும் வெட்டி ஒண்ணா ஒட்டி அனுப்புனாத்தான் செல்லும்னு போட்டிருக்கு. ஓட்டையும் கூப்பனும் கோட்டோட கோடு ஒக்காருது."

மாடன் முதுகிலிருந்து இறங்கிக்கொண்டான். "கத்தரிக்கோல் கேட்டீயளே எசமான், அதுக்குத்தானா?" என்றான், ஒன்றும் அறியாமல்.

தங்கசாமி எழுந்து உட்கார்ந்தார். கோவணத்தில் இருக்கிற மனிதனுக்குக் கம்பீரம் காட்ட அதிக வசதி கிடையாது. அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கினார், கூப்பனைப் பார்த்தார், திருப்பினார், பர்மாவைப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாலயா படம் இருந்துச்சு?" என்றார்.

அதில் நடிப்பு இல்லை என்பதுதான் சங்கிலிப்பாண்டியை உலுக்கியது. அந்த மனிதர் உண்மையாகவே திருடனைத் தேடியிருக்கிறார். ஆறு வருஷமாக உலக யுத்தங்களை ஆராய்கிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தாளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"அப்பம் பரீத விட்டிரலாம்லா?" என்றான் சங்கிலிப்பாண்டி.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தடவினார். "பாதுகாப்புச் சட்டம்டே. புதன்கிழமையே எழுதி அனுப்பியாச்சு. மேலேருந்து தந்தியில உத்தரவும் வந்துட்டு. புடிச்சு வைக்க எங்கிட்ட அச்சடிச்ச பாரம் இருக்கு. விடுததுக்குப் பாரம் கெடையாது."

"நீங்க தப்புன்னு ஒரு வரி எழுதுனா?"

"சனிக்கிழமை கலெக்டர் இவங்க கூட மேடையில இருக்கப்போறாவ. அவங்க கையில நான் என்னன்னு எழுதிக் குடுக்க? எண்ணெப் பாட்டிலுன்னா? வறுவல் கட்டுன தாளுன்னா?" பிறகு, சற்றுத் தணிந்த குரலில், "அந்த ஆளே விண்ணப்பம் போடலாம். இங்கிலீஷ்ல, மூணு பிரதி. ஆறு மாசத்துல பாப்பாவ."

"வேணும்னா நான் ஒரு நற்சாட்சி தாரேன்" என்றார் தங்கசாமி, துண்டைப் போர்த்திக்கொண்டு. "ஜனவரிக்குப் பொறவு."

ஜனவரியில்தான் சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டங்களின் பட்டியல் வெளியாகும்; அதில் தன் பெயரைத் தலைவர் எதிர்பார்த்திருந்தார். ஜப்பார் வறுவல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. அது யாருக்கும் வேண்டியதாக இல்லை. சிவப்பு அட்டைக் கட்டு மட்டும் பொன்னெழுத்தோடு அங்கேயே தங்கியது.

பாதையில் வரும்போது சங்கிலிப்பாண்டி கேட்டான்: "கண்டுபிடிச்சு என்ன அண்ணாச்சி பிரயோசனம்?"

"கண்டுபிடிச்சாச்சு" என்றார் ஜப்பார்.

*

சனிக்கிழமை தென்காசி ரயிலடியில் பரீதை இரண்டு கான்ஸ்டபிள்கள் மூன்றாம் வகுப்பில் ஏற்றினார்கள். ஜன்னல் வழியாக அவர் மகளிடம் ஜெயிலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"முடிச்சு விட்டுப் போச்சா தாயி?"

"இல்ல வாப்பா. கணக்கு நெனப்புல இருக்கு. இன்னிக்கு அறுபத்தெட்டு."

"புது நூல்ல போடு. நெருக்கிப் போடும்மா. நல்லா நெருக்கி."

ரயில் போய்விட்டது. ஜப்பார் பையிலிருந்து பைண்டிங் நூலையும், எண்ணெய் ஊறிய வறுவல் தாளையும் எடுத்து மெஹர் பானுவிடம் கொடுத்தார். அவள் ரயிலடிப் பெஞ்சியில் தாளை விரித்தாள்.

சங்கிலிப்பாண்டி உதவிக்குக் குனிந்தான். நூலின் நுனியை மோனிவாவில் வைத்து, அவள் முதலில் சொன்ன கணக்குப்படி நாளுக்கு அரை விரல் அகலமாக நீட்டிப் பார்த்தான். பத்தாவது நாளிலேயே நூல் மணிப்பூர் எல்லையைத் தொட்டுவிட்டது. அறுபத்தெட்டுக்கு அது படத்தையும் தாளையும் தாண்டி, பெஞ்சியைவிட்டுக் கீழே தொங்கும். அந்தக் கணக்குப்படி மே மாதமே தந்தி வந்திருக்க வேண்டும்.

பரீதுக்கு அது தெரிந்திருக்கிறது. எல்லை நெருங்க நெருங்க அவர் முடிச்சை நெருக்கியிருக்கிறார். மருமகனின் ஒரு நாள் நடையைப் பாதியாக்கி, காலாக்கி, நெல்லுமணியாக்கி, அவன் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கும்படி இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தான். ஜப்பார் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்ட 'நெல்லுமணி அளவு' இப்போதுதான் இவனுக்குக் கேட்டது.

"மொதல்ல இருந்து போடணும் அண்ணே" என்றாள் மெஹர் பானு, நூலைப் பிடித்துக்கொண்டு. "எம்புட்டுத் தள்ளிப் போட?"

அவன் தான் நீட்டியிருந்த நூலை மெதுவாகச் சுருக்கிக்கொண்டான்.

"நெருக்கிப் போடு தங்கச்சி" என்றான். "அங்கன மழைக்காலம். மெதுவாத்தான் நடப்பாவ."