சோல்வேயின் வெள்ளை விளக்குகள்

டிசம்பர் 9, மாலை 4.50.

சோல்வே ஹெட்மான் தன் வீட்டு கராஜுக்குள் மல்லாந்து கிடந்தார். பட்டறை மேஜையில் பொருத்தியிருந்த, பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸின் விளிம்பில் ரத்தம் உறைந்திருந்தது. தரையெல்லாம் ஈரம். வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டிருக்கிறது, உயிர் போய்ச் சில மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர்.

இன்ஸ்பெக்டர் குன்வோர் லிட்மான் முற்றத்துக்கு வந்தாள். வடதுருவத்தை ஒட்டிய லாக்நேஸில் டிசம்பர் மாதம் பகலே மங்கல்தான், இரண்டு மணிக்கே முழுக்க இருட்டிவிடும். சோல்வேயின் எஸ்யூவி சாலையைப் பார்த்தபடி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் போட்டுத்தான் இருந்தது, ஆனால் இரண்டு விளக்கின் மேலும் நான்கு விரற்கடைக்குப் பனி அப்பி, பால் கண்ணாடிக்குப் பின்னால் எரிவதுபோல் மங்கிக் கிடந்தது. வேலை செய்ய வெளிச்சம் வேண்டுமே என்று அவள் கையுறையாலேயே இரண்டையும் சுரண்டித் துடைத்தாள். வெள்ளை வெளிச்சம் பாய்ந்து எதிர்வீட்டு ஜன்னலில் அடித்தது.

அதைப் பற்றி அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை. செப்டம்பரில் கணவர் இறந்ததிலிருந்து அப்படித்தான். கை வேலையைச் செய்யும். மனம் எங்கோ பின்தங்கி நிற்கும்.

காலடித் தடம் பார்க்க வழியில்லை. ஆம்புலன்ஸும் சோல்வேயின் மனைவி சிக்னேயின் காரும் முற்றத்தை உழுதுவிட்டிருந்தன.

சிக்னே சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பதினொரு மணிக்கு, வேலைக்குக் கிளம்பறப்போ. எல்.இ.டி. விளக்கை மாட்டி முடிச்சு எரியவிட்டுப் பார்த்துட்டிருந்தாரு. பல் தெரியச் சிரிச்சாரு."

"புது விளக்கா?"

"போன வருஷம் வாங்கினது. ஜனவரியில கழட்டிப் பெட்டியில போட்டாரு. வண்டிச் சோதனையில விடமாட்டாங்கன்னாரு. இப்போ என்னமோ திரும்ப மாட்டணும்னு தோணிடுச்சு."

"பனி எப்போ பெஞ்சுது?"

"முதியோர் இல்லத்துல சாப்பாடு போடறப்போ பிடிச்சுது. பன்னிரண்டு மணி. ஒரு மணிக்கெல்லாம் விட்டுடுச்சு. அப்புறம் பெய்யவே இல்ல."

மாலை 6.00. சாலைக்கு எதிர்ப்புறம் டாகேயின் வீடு. சோல்வேக்கு அண்ணன், அறுபத்து நான்கு வயது, தனி ஆள். சமையலறை ஜன்னலில் திரை இழுத்து விட்டிருந்தது. அலமாரியில் அவர் மகள் யோருனின் படம், பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. பதினொரு மாதம் முன்பு ஏரிச்சாலையில் கார் கவிழ்ந்து செத்துப்போன பெண்.

"தம்பியைக் கடைசியா எப்போ பார்த்தீங்க, டாகே?"

"ரெண்டு மணிக்கு. இந்த ஜன்னல் வழியாத்தான்."

"என்ன பண்ணிட்டிருந்தார்?"

"வண்டிக்கு முன்னாடி குறுக்கும் நெடுக்கும் நடந்துட்டிருந்தான். வெளிச்சத்தோட உசரத்தைச் சரிபண்றான் போல. அது நேரா இந்தச் சுவத்துல அடிச்சுது. அவன் குறுக்க போறப்பல்லாம் நிழல் ஓடும்."

"அப்புறம்?"

"பின்வாசல் வழியா சர்ச் மண்டபத்துக்குப் போயிட்டேன். லூசியா விளக்குத் திருவிழாவுக்குப் பெஞ்சு போடணும். அஞ்சு மணி வரைக்கும் அங்கதான். பாதி ஊரே இருந்துச்சு, கேட்டுப் பாரு."

கேட்டாள். அது உண்மைதான். பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். டாகே சொல்வதைப் பார்த்தால் இரண்டு மணிக்குச் சோல்வே உயிரோடு இருந்திருக்கிறார். விபத்து என்று எழுதி மூடிவிடலாம்.

மறுநாள் காலை 9.15. மறுபடியும் பனி. கையெழுத்து வாங்கக் குன்வோர் சிக்னே வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது, எஞ்சினை அணைக்காமல் விட்டிருந்த அவளுடைய பழைய கார் முழுக்க வெள்ளையாகியிருந்தது. ஹெட்லைட் இரண்டு மட்டும் பளிச்சென்று துடைத்தாற்போல் மஞ்சளாக எரிந்தன. கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

அவள் கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றாள். பிறகு தன் கையுறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஹம்புஸ்," என்று கூட வந்திருந்த கான்ஸ்டபிளை அழைத்தாள். "சோல்வேயோட வண்டியை ஸ்டார்ட் பண்ணு. விளக்கைத் துடைச்சு எரியவிடு. என் வண்டியையும் அதுக்குப் பக்கத்துல அதே மாதிரி நிறுத்து. யாரும் தொடக்கூடாது."

9.40. டாகே காபி ஊற்றினார். குன்வோர் ஜன்னல் திரையை விலக்கினாள். சுவரில் பெரிய வெள்ளைக் கட்டமும் அதன் அருகே ஒரு மஞ்சள் கட்டமும் விழுந்தன. டாகே சுவரைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"யோருனுக்கு விபத்து நடந்தது எப்போ?"

"ஜனவரி பதினொண்ணு. உனக்குத் தெரியாததா?"

"ரெண்டு நாள் உயிரோட இருந்தா. ஏதாவது சொன்னாளா?"

"எதிர்க்க ஒரு வண்டி. ஒரே வெள்ளையா இருந்துச்சுப்பா, ரோடே தெரியலன்னா. அவ்வளவுதான். அந்த வண்டி எதுன்னு கடைசி வரைக்கும் நீங்க யாரும் கண்டுபிடிக்கல."

"கண்டுபிடிக்கல," என்றாள் குன்வோர். காபி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே காற்று ஏரியிலிருந்து முற்றத்துக்கு நேராக வீசியது. குன்வோர் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் காத்திருந்தாள்.

"இப்போ சுவரைப் பாருங்க, டாகே."

மஞ்சள் கட்டம் அப்படியே இருந்தது. வெள்ளைக் கட்டம் இருந்த இடத்தில் வெறும் சுவர்.

"பழைய பல்பு சூடாகும். மேல விழற பனியை அதுவே உருக்கிடும். எல்.இ.டி.யில முன்பக்கம் சூடு வராது. பனி அப்பிக்கும். நேத்து பன்னிரண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் பனி. சாயங்காலம் நானே அந்த விளக்குல இருந்து கட்டியா சுரண்டினேன். யாரும் அதைத் தொட்டிருக்கல. ரெண்டு மணிக்கு ஒருத்தர் வெளிச்சத்தைச் சரிபண்ணிட்டிருந்தா, முதல்ல பனியைத் துடைச்சிருப்பார். ஒரு மணிக்கப்புறம் இந்தச் சுவத்துல வெளிச்சமே இல்ல. நிழல் எங்கிருந்து வந்துச்சு?"

டாகே காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மத்தியானத்துக்கு முன்னாடி பார்த்ததை ரெண்டு மணின்னு சொன்னீங்க. ரெண்டு மணிக்கு மேலதான் உங்ககூட ஆள் இருந்தாங்க. சோல்வேயைக் கொன்னது நீங்கதான்."

"உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்," என்றார் டாகே. அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "திடீர்னு ரூமெல்லாம் வெள்ளையாச்சு. கத்தியைக்கூடப் பார்க்க முடியல. கண்ணை மூடினேன். அவ சொன்னது அப்போதான் விளங்கிச்சு. ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டேன். ஜனவரியில ஏன்டா கழட்டினேன்னு. அவன் இல்லன்னு சொல்லல. 'கண்ணு கூசினா அவ ரோட்டு ஓரத்தைப் பார்த்து ஓட்டியிருக்கணும்'னான். தள்ளினேன். ஒரே தள்ளு. எழுந்திருப்பான்னு நின்னு பார்த்தேன்."

"அப்புறம் ஜன்னலைப் பார்க்கவே இல்லையா?"

"திரையை இழுத்து விட்டுட்டேன். அந்த வெளிச்சம் வேண்டாம்னுதான்."

அவர் எழுந்து அடுப்பை அணைத்தார். கோட்டுக்குள் கையை நுழைக்க முடியாமல் தடுமாறினார். குன்வோர் பிடித்துவிட்டாள். அவளுக்குக் கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை.

டாகேயை ஹம்புஸிடம் ஒப்படைத்துவிட்டு அவள் சிக்னேயிடம் போனாள். சிக்னே வாசல்படியில் நின்றிருந்தாள். நடந்ததைக் குன்வோர் சுற்றி வளைக்காமல் சொன்னாள், ஜனவரியில் நடந்ததையும் சேர்த்து. சிக்னே அழவில்லை.

"ஜனவரியில, அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வராததுமா கராஜுக்குப் போய் விளக்கைக் கழட்டினாரு," என்றாள். "நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்கல. காலையில யோருனைப் பத்தி ஃபோன் வந்துச்சு. டாகேயால வண்டி ஓட்ட முடியல. இவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதே வண்டியில."