ஒத்திகையில் ஊதாத வரி

ஆம்புரோஸ் மாஸ்டரின் வலது கை அவர் நினைத்த வேகத்தில் அசையவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தவர் அவரல்ல. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கி, ஈப்போவில் தன்னைத் தவிர வேறு யார் காதிலும் விழாத எதையோ கேட்கிறவர் போன்ற முகத்தோடு பேண்டை நடத்திக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வீட்டுக் கண்ணாடியில் நன்றாகப் பழகி வைத்திருந்தார். பங்குக் கோவில் மண்டபத்தின் தகரக் கூரை மேல் மாலை மழை பெய்துகொண்டிருந்தது. பித்தளை மெருகின் நெடியும் ஈரச் சட்டைகளின் வாடையும் சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, புளித்துப்போன ரப்பர் கட்டிப்பாலின் வாடை, யார் கூப்பிட்டதென்று தெரியாமல் உள்ளே வந்து ஒரு மூலையில் நின்றது.

"மாஸ்டர், ரொம்ப ஸ்லோலா," என்றான் யூபோனியம் ஊதும் டொமினிக். "இந்த வேகத்துல போனா கச்சேரிக்குத் தலைமை தாங்க வர்ற டத்தோ தூங்கிருவாரு."

"நான் வேகமாத்தான் அடிக்கிறேன். நீங்கதான் இழுக்குறீங்க."

"உங்க கையப் பாத்துத்தானே மாஸ்டர் ஊதுறோம்," என்றாள் கிளாரினெட் பியாட்ரிஸ். "வேணும்னா நீங்களே பாருங்க."

பார்த்தார். பேண்டு நின்றுவிட்டிருந்தது. கை நிற்கவில்லை. கைக்கோலைப் பிடித்தபடி, இடம், வலம், இடம், வலம் என்று, தோளில் கனமான எதையோ ஏற்றிக்கொண்டு சேற்றில் நடப்பவர்களின் நடைக்குக் கணக்காக ஆடிக்கொண்டிருந்தது. இடக்கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். பிறகு எல்லோரையும் பார்த்து, கலைஞனுக்கு இதெல்லாம் சகஜம் என்பது போலச் சிரித்தார்.

அவர் இயற்றிய படைப்புக்குக் 'கல்லில் எழுந்த ஜெபம்' என்று பெயர். காம்பாருக்கு அருகில் லான்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டும் ஜனங்கள் செங்கல் சுமந்து கட்டிய பழைய சவேரியார் கோவில்தான் அதற்குக் கரு. அந்தக் கோவிலில் மாஸ்டர் மூன்று இரவுகள் உபவாசமிருந்து இசையைப் பெற்றார் என்று நிகழ்ச்சிப் பிரசுரத்தில் அச்சாகியிருந்தது. எழுதியவர் மாஸ்டரேதான். உண்மையில் அவர் போனது ஒரு பகல்பொழுதில். அட்டைக்குப் பயந்து கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கறிபாப் தின்றபடி கோவிலைப் பார்த்தார். தின்று முடித்ததும் திரும்பிவிட்டார்.

மெட்டைப் பெற அவர் அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை. அது சின்ன வயதிலிருந்தே அவர் காதில் இருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன் அவர். யாராவது செத்தால் கிராணி வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பார். முன்னால் பேண்டு, பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் ஜனம். பேண்டுக்குத் தலைவர் பிச்சைமுத்து, பால்வெட்டுக்காரர். கன்னம் பிதுங்க யூபோனியம் ஊதுவார். அடக்கத்துக்கு அவரே கட்டிய மெட்டு அது. தோட்டத்து ஜனம் பேண்டு இல்லாமல் யாரையும் மண்ணுக்கு அனுப்பியதில்லை. கைக்குழந்தையைக்கூட.

தோட்டம் துண்டு துண்டாக விலை போய், ஜனம் ஈப்போவுக்கும் பாகான் செராய்க்கும் சிதறியபோது, மாஸ்டர் ஒரு லாரியோடு போய், "பழுது பாத்துக் கொண்டாரேன்" என்று கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிரசுரத்தில் அதற்கு 'அழிவிலிருந்து மீட்கப்பட்டவை' என்று பெயர். அன்று பிச்சைமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "நான் போறன்னைக்கு மட்டும் பேண்டு வந்துரணும் தம்பி." மாஸ்டர் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். போன வருடம் அவர் இறந்ததை ஆள் வந்து சொன்னபோது, பேண்டு ஒரு பேரங்காடித் திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டுக்காக வாசித்துக்கொண்டிருந்தது. பிச்சைமுத்து மழையில் போனார். கேட்ட சத்தமெல்லாம் கால்கள் சேற்றிலிருந்து பிடுங்கப்படும் சத்தம் மட்டும்தான்.

ஒத்திகை கலையும் நேரத்தில் பிச்சைமுத்துவின் மனைவி குழந்தையம்மாள் வாசலில் நின்றிருந்தாள். ஈப்போவில் மகள் வீட்டோடு இருக்கிறவள். குடையை மடக்கி உதறினாள்.

"நல்லா இருக்கு தம்பி. எங்க வீட்டுக்காரரு பாட்டு."

"அது கோவிலப் பாத்து எனக்குள்ள எழுந்த இசைம்மா. ஒருவேளை சாயல் இருக்கலாம்."

"சாயலா? அவரு மூக்கக்கூட மாத்தாம வச்சிருக்கீங்களே."

டொமினிக் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான்.

"கடைசி வரியும் ஊதுறீங்களா?" என்று கேட்டாள்.

"முழுப் படைப்பும்தான்."

"அவரு அத ஒத்திகையில ஊதவே விட மாட்டாரு. குழியில எறக்குறப்போதான் ஊதணும்பாரு. ஆளில்லாம ஊதினா அதுவா ஒரு ஆளத் தேடிக்குமாம்." அவள் குரலில் மிரட்டலே இல்லை. சமையல் பக்குவம் சொல்கிறவள் போலச் சொன்னாள். "ஒரு நாளு தோட்டத்துக் கோவில் பக்கம் வந்து அவரு கல்லறையில ஊதிட்டுப் போயிருங்க. அவருக்குச் சேர வேண்டியது சேந்துரும். அப்புறம் நீங்க எந்த மேடையில வேணாலும் ஊதுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"கச்சேரி முடியட்டும்மா. பாக்கலாம்." மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஓர் இலவசச் சீட்டை எடுத்து நீட்டினார். கடைசி வரிசை.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "அதுவரைக்கும் அவரு பொறுக்கணுமே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்த எந்த ஒத்திகையும் கடைசி வரியை எட்டவில்லை. ஒரு நாள் மின்சாரம் போயிற்று. இன்னொரு நாள் பியாட்ரிஸின் கிளாரினெட் நாணல் வாயிலேயே பிளந்து உதடு கிழிந்தது. மூன்றாவது முறை, டொமினிக் யூபோனியத்தில் சேர்ந்த எச்சில் நீரை வடியவிடக் குழாயைத் திறந்தான். சொட்டுச் சொட்டாக வர வேண்டியது கொழகொழவென்று வந்து தரையில் பரவியது. செம்மண் சேறு. அதில் ஒரு புல்வேர்.

டொமினிக் அன்று சிரிக்கவில்லை. "மாஸ்டர், ஒரு நடை போய் ஊதிட்டு வந்துரலாம்லா. காம்பார் என்ன கோலாலம்பூரா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி போனா மத்தியானச் சோத்துக்கு வந்துரலாம்."

"காட்டுல வச்சு ஊதினா பித்தளை கெட்டுப் போயிரும்."

"அது அந்தக் காட்டுலேருந்துதானே மாஸ்டர் வந்துச்சு?" என்றாள் பியாட்ரிஸ், உதட்டுக் கட்டோடு.

மாஸ்டர் ஒழுக்கம், கட்டுப்பாடு, நாட்டின் கலை வளர்ச்சி ஆகியவை பற்றிச் சிறிது நேரம் பேசினார். டத்தோ தலைமை தாங்குகிறார், வருகிற விருதுப் பட்டியலில் தன் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகள் சேரலாம் என்ற இடத்தை மட்டும் சொல்லாமல் சொன்னார். கடைசி வரியை மேடையிலேயே நேராக வாசித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அவர் ஒருவர்தான்.

கச்சேரிக்கு முந்தின மாலை அவர் காரில் தனியாக வந்துகொண்டிருந்தார். மழை. கண்ணாடி துடைப்பான் போய்வந்துகொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தார். அது தளர்ந்து, இடம், வலம், இடம், வலம் என்று அந்த நடைக்கு இறங்கியிருந்தது. விசையைத் திருகினார். மாறவில்லை. அவர் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. கார் கண்ணாடிகள் ஏற்றியிருந்தும் வெளியிலிருந்து சத்தம் வந்தது, இரு பக்கமும், நெருக்கமாக. சேற்றிலிருந்து பிடுங்கப்படும் கால்கள். சாலை தார்ச்சாலை. சேறே இல்லை.

காம்பார் போகும் சாலைப் பிரிவில் கார் தானாக மெதுவானது. போய்விடலாமா என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தார். பேண்டை நாளைக் காலையில் கிளப்பலாம். ஒரு வரி. ஒரே ஒரு வரி. பிறகு வெள்ளைச் சட்டையோடு தான் அந்தப் புல்லில் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தார். அந்த மெட்டு யாருடையது என்று அதற்குப் பிறகு கேள்வி வரும். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். கால்களின் சத்தம் நின்றது. அந்த அமைதி அவருக்கு ஆறுதலாக இருந்தது. சம்மதம் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

நகர மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டத்தோ. அவருக்கடுத்துப் பதவியின் இறங்குவரிசையில் மற்றவர்கள், மனைவிகளோடு, வாசனைத் திரவியத்தோடு. அறிவிப்பாளர் மாஸ்டரை இறைவனின் மூச்சு குடியேறிய புல்லாங்குழல் என்றார். மாஸ்டர் தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டார். கடைசி வரிசையில் வெள்ளைச் சேலையில் குழந்தையம்மாள். கையில் மெழுகுவர்த்தி. யார் உள்ளே கொண்டுவர விட்டார்கள்?

கைக்கோல் எழுந்தது.

முதல் பகுதி கம்பீரமாகப் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவதில் கை தளர்ந்தது.

இடம். வலம்.

அவர் விசையாக இழுத்தார். கை வரவில்லை. டிரம்மின் ஓசை மங்கியது. அதன் மேல் யாரோ கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். யாரும் போடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாரே.

பேண்டு எழுந்து நின்றது.

"உக்காருங்க," என்றார் உதட்டை அசைக்காமல். "பியாட்ரிஸ், உக்காரு."

பியாட்ரிஸின் கண்கள் அழுதுகொண்டிருந்தன. விரல்கள் கிளாரினெட்டின் துளைகள் மேல் சரியாக ஓடின. மேடைப் படியில் முதல் காலை வைத்தாள். ஒவ்வொருவராக இறங்கி, நடுப்பாதையில், இருவர் இருவராக. டத்தோ எழுந்தார், இதுவும் நிகழ்ச்சியின் அங்கம் என்று நினைத்து. டத்தோ எழுந்ததால் மண்டபமே எழுந்தது.

மண்டபக் கதவு திறந்துகொண்டது. வெளியே கார்கள் நிற்க வேண்டும்.

ரப்பர் மரங்கள் நின்றன.

வரிசை வரிசையாக. மழையில். நடுவே செம்மண் பாதை. பேண்டு அதில் நடந்தது.

பேண்டின் பின்னால் போய்க்கொண்டிருந்த மாஸ்டர் நின்றுவிட முயன்றார். ஊன்றக் காலுக்குக் கீழே தரை இல்லை. குனிந்து பார்த்தார். தோள்கள். நனைந்த, தேய்ந்த சட்டைத் தோள்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த முகங்கள். ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. யாரோ மெல்ல அவரைச் சாய்த்தார்கள். யாரோ அவர் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து, விரல்களுக்கு நடுவே கைக்கோலைச் செருகினார்கள். செபமாலை செருகுவது போல.

முன்னால் டொமினிக் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால், யூபோனியத்தோடு, ஒரு அகன்ற முதுகு. முதுகெல்லாம் மண்.

கடைசி வரி தொடங்கியது.

மாஸ்டரின் நெஞ்சு சட்டென்று உள்வாங்கியது. அவர் மூச்சு அவரை விட்டுப் போயிற்று. முன்னால் அந்தக் கன்னங்கள் பிதுங்கின. யூபோனியம் பாடிற்று. மாஸ்டர் கத்தினார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பித்தளையிலிருந்து வந்தது. மெட்டாக. இனிமையாக.

வெள்ளையடித்த கோவில் சுவர். பக்கத்தில் குழி.

"பாத்து எறக்குங்கப்பா," என்றாள் குழந்தையம்மாள். "அவசரம் வேணாம்."

மேலே முகங்கள். குடைகள். வாசனைத் திரவியம். அறிவிப்பாளரின் குரல், அதே மரியாதையோடு, தலைமை விருந்தினரை அழைத்தது. டத்தோ முன்னால் வந்தார். குழிக்குள் பார்த்தார். திறந்த வாயோடு, கண் சிமிட்டிக்கொண்டு கிடந்த மாஸ்டரை நேராகப் பார்த்தார். படம் பிடிப்பவரைப் பார்த்துப் புன்னகைத்தார். மோதிரம் அழுக்காகாமல் குனிந்து, ஒரு பிடி மண் எடுத்தார்.

பளிச்.

மண் நாக்கில் விழுந்தது. ஈரமாக. கைதட்டல் எழுந்தது. டத்தோவுக்குப் பின்னால், பதவியின் இறங்குவரிசையில், மனைவிகளோடு, மண்டபம் முழுவதும் கையில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தது.