சம்பந்தப்பட்டவர்

அந்தச் செய்தி வந்தபோது பட்டன்கடைக்காரி ஒரு தையல்காரரோடு ஜிப்புக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அதனால் போனை உடனே எடுத்துப் பார்க்கவில்லை. பாதி படிந்த பேரத்தை விட்டுவிட்டு போனைப் பார்ப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருச்சண்டை பார்க்கப் போவது மாதிரி என்பது அவள் கட்சி. தையல்காரர் முனகிக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் பார்த்தாள்.

"வணக்கம். இன்று நீங்கள் உங்கள் விவரங்களைப் பார்வையிட்டீர்கள். நன்றி. குடிமக்கள் விவரக் காப்புத் துறை."

காலையிலிருந்து ஊக்கையும் நாடாவையும் தவிர அவள் எதையும் பார்வையிடவில்லை. அரசாங்கம் நன்றி சொல்கிறது என்பதே கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. ஆனால் கடையில் ஆள் நின்றது. விட்டுவிட்டாள்.

மறுநாள் இன்னொன்று. "நீங்கள் உங்கள் விவரங்களைத் திருத்தினீர்கள். நன்றி."

வீட்டுக்காரர் லாரி ஓட்டி அலுத்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி எட்ட வைத்துப் படித்தார்.

"எவனாவது தெரியாம அமுக்கியிருப்பான். விடு."

"தெரியாம அமுக்குறவன் திருத்தவா செய்வான்? அழிச்சிட்டுல்ல போவான்?"

"உன்னைத் திருத்த ஒருத்தன் கிளம்பியிருக்கானே, நானே பத்து வருஷமா முடியாம விட்டுட்டேன்" என்றார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, யாரோ ஒருவர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்து முடித்தது போல அடுக்களைப் பக்கம் ஒரு சத்தம். குழாயாக இருக்கும் என்று போய் இறுக்கிவிட்டு வந்தாள். குழாய் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

மூன்றாவது செய்தி வந்ததும் அவள் ஷட்டரை இழுத்துவிட்டாள். நடுப்பகல் வியாபாரத்தில் அவள் ஷட்டர் இறக்கி அந்தக் கடைவீதி பார்த்ததில்லை.

"உங்கள் மகளின் பாதுகாவலராக உங்களை மீண்டும் உறுதிசெய்துகொண்டீர்கள். நன்றி."

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்பதற்கு அந்தத் துறையின் பதிவுதான் பேச்சு. பதிவில் இருப்பவரோடுதான் பிள்ளை போகும். பதிவுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். பள்ளி விடுவதற்குள் அதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

துறை அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். கூடத்துக்குள் கால் வைத்ததுமே தரை கழுவும் மருந்தின் நெடி மூக்கில் ஏறி, அதற்கு அடியில் ரொம்ப நாள் மூடிவைத்த அலமாரியைத் திறந்தால் வருகிற அந்த மக்கல் வாடை மெல்ல எட்டிப் பார்த்தது. எங்கேயோ ஒரு ஏசி சொட்டுச் சொட்டாக பக்கெட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது, எங்கேயோ ஒரு ஸ்டேப்ளர் யோசித்து யோசித்துக் கடித்துக்கொண்டிருந்தது, இத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் யாரும் இருமக்கூட இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: "உங்கள் தகவல் எங்கள் கண்ணின் மணி". அதுவும் சரிதான், தன் கண்ணின் மணியை எவன் அடுத்தவனுக்குக் கழற்றிக் காட்டுவான் என்று நினைத்துக்கொண்டே டோக்கனைக் கிழித்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டின் மேல் தூசி.

"ஏ.சி. நேரா அடிக்கும், இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க" என்றார். "புதுசா?"

"கொஞ்ச நேர வேலைதான்."

"நானும் அப்படித்தான் வந்தேன்." நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தாடி மட்டும் நெஞ்சு வரை இருந்தது. "என்னைச் சம்பந்தப்பட்டவர் இல்லைன்னுட்டாங்க. சம்பந்தப்பட்டவர் வீட்டுல இருக்காராம். போன வாரம் என் மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் முடிச்சேனாம். நல்ல கூட்டமாம். நானே நின்னு பரிமாறினேனாம்."

அவள் விளையாட்டு என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கலியா?"

"போனேன். தண்ணி குடுத்தேன். மரியாதையாத்தான் பேசினேன்." கொஞ்சம் யோசித்து, "நானா இருந்தா இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன்" என்றார்.

அவள் எண் வந்தது. எழுந்தபோது முழங்கால் வலித்தது. அந்த வலி அன்றைக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

கவுண்டரில் இருந்தவர் கனமான கண்ணாடி போட்ட இளைஞர். காதில் ஹெட்போன். அவருடைய திரையில் பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா."

"என் பதிவுக்குள்ள யாரோ புகுந்து மாத்துறாங்க. யாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா முதல்ல பூட்டுங்க, அப்புறம் சொல்லுங்க."

"அதெல்லாம் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும்தாம்மா சொல்ல முடியும்."

"நான்தான் சம்பந்தப்பட்டவர்."

"அப்படித்தாம்மா எல்லாரும் சொல்றாங்க. மூணு கேள்வி கேட்பேன், பொருந்தினா போதும். பிறந்த வருஷம்?"

சொன்னாள்.

"பொருந்தலம்மா."

"நான் பிறந்த வருஷம் எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்மா. பதிவுல இருக்கணும்ல?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பு துறையிலிருந்து பதிவெடுக்க வந்தவர் கடைக்குத்தான் வந்திருந்தார், நல்ல வியாபார நேரத்தில். அவள் வளர்ந்த தெருவில், கேட்டவுடன் உள்ளதைச் சொல்கிறவன் கடை வைத்துப் பிழைக்க மாட்டான் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எனவே விலை சொல்வது போலத்தான் சொன்னாள், வயதைக் கொஞ்சம் இறக்கி, படிப்பைக் கொஞ்சம் ஏற்றி. மூட்டுவலியா, கிடையாது. கோபமா, எனக்கா, வரவே வராது. சின்ன வயதுத் தோழி பெயர் என்ன என்றதற்கு, அந்த நேரத்தில் வாயில் வந்த ஒரு பெயர். அந்த ஆள் பேரம் பேசுவார், கடைசியில் நடுவில் எங்கேயாவது படியும் என்று நினைத்தாள். மனுஷன் பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"தம்பி, அதுல ரெண்டு வருஷம் கூட்டிக்குங்க."

"என்னம்மா இது."

"சரி, மூணு. நியாயமா மூணு."

"திருத்துற வாய்தா முடிஞ்சிருச்சும்மா. தோழி பேர்?"

எந்தப் பொருளுக்கு என்ன விலை சொன்னோம் என்று மறக்கும் வியாபாரியைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் இல்லை. அவள் தெரிந்த பெயரெல்லாம் சொன்னாள். பொருந்தலம்மா. பொருந்தலம்மா. அவர் குரலில் எரிச்சலே இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் முட்டினால் சுவராவது கொஞ்சம் அதிரும்.

"தம்பி, என் பிள்ளைய யாரோ கூட்டிட்டுப் போகப் பார்க்குறாங்க. புரியுதா? மேலதிகாரி யாரு?"

"அதுவும் தனிப்பட்ட விவரம்மா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

அவரை அறைந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் அவர் கண்ணாடியையே முறைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் அவருடைய திரை விழுந்திருந்தது. நகத்தளவு. அதில் அவள் முகம். பதிவுப் படம் என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் போட்டிருந்த அதே பச்சை ரவிக்கை. தோளில் அதே ஊக்கு. காலையில் அவசரத்தில் குத்தியது.

அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

வில்லைக்குள் இருந்த வாய் நிறுத்தவில்லை.

அது பேசிக்கொண்டிருந்தது. நிதானமாக. இடையிடையே சிரித்து. கவுண்டர்காரர் ஹெட்போனை விரலால் அழுத்தி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"சரிங்கம்மா... ஆமாங்கம்மா... இல்லைங்கம்மா, ஒண்ணுமே சொல்லல." பிறகு இவளைப் பார்த்தார். "சம்பந்தப்பட்டவங்க லைன்ல இருக்காங்க. அவங்க பேர்ல யாரோ ஒரு அம்மா இங்க வந்திருக்குறதா புகார் சொல்றாங்க. உங்க பேர் என்னம்மா?"

சொன்னாள்.

"அது அவங்க பேரும்மா." பேனாவை எடுத்தார். "உங்க பேர்?"

வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. ஹெல்மெட்காரர் தூரத்தில் அவளுக்காகத் தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓடினாள். படியிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். கேட் ஆயாதான் எடுத்தாள்.

"பாப்பாவா? நீங்கதானேம்மா இப்பக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நான் வரல. ஆயா, நான் வரவே இல்ல. யாருகிட்ட விட்ட?"

"விளையாடாதீங்கம்மா. பதிவு பார்த்துத்தான் விட்டேன், பச்சை விளக்கு வந்துச்சு." ஆயா குரலைத் தாழ்த்தினாள். "தினம் வந்து வள்ளுவள்ளுன்னு விழுவீங்க. இன்னிக்கு எவ்வளவு தன்மையா பேசினீங்க. தினமும் இப்படியே இருங்கம்மா, புண்ணியமாப் போகும்."

வீட்டுக்காரர் எண்ணை அழுத்தினாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

தெருவிளக்குகள் இன்னும் போடாத நேரம். அவள் குடியிருப்பின் மாடிப்படியில் எல்லா வீட்டு வாசனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தது, சோப்பு, ஈரத் துணி, யாரோ எண்ணெய் காயவைத்த வாடை. அவள் வீட்டு வாசலில் மட்டும் எந்த வாசனையும் இல்லை, துடைத்து எடுத்தது போல. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் சிரிக்கும் சத்தம். உயிர் வந்தது. சாவியைப் போட்டாள். திரும்பியது. கதவு நாலு விரல் திறந்து, சங்கிலியில் நின்றது.

இடைவெளியில் வீட்டுக்காரர் முகம்.

"ஏங்க, கதவைத் திறங்க. உள்ள இருக்குறது யாரு? பாப்பாவ வெளிய அனுப்புங்க. முதல்ல பாப்பாவ அனுப்புங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பழகிய கண்தான். பார்வைதான் பழகவில்லை.

"நீங்க யாருங்க?"

குடித்தனம் தொடங்கியதிலிருந்து அவர் அவளை நீங்க என்றதில்லை. கோபத்தில் வாடி போடி, குஷியில் முதலாளியம்மா, கையில் காசில்லாத நாளில் பேச்சே இல்லை. நீங்க இல்லை.

"என்னைத் தெரியலியா?"

"தப்பா நினைக்காதீங்க. இந்தக் காலத்துல யாரை நம்புறது?" தயங்கினார். "ஒண்ணு கேட்கிறேன். முதல் முதல்ல பார்த்தப்ப என்கிட்ட என்ன சொன்னீங்க?"

இது தெரியும். இதற்கு அவள் யாருக்கும் விலை சொன்னதில்லை.

"உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லைன்னு சொன்னேன். சும்மா தச்சுத் தரேன்னேன். நான் சும்மா குடுத்த ஒரே பட்டன் அதுதான்."

அவர் கை சங்கிலிக்குப் போனது. கொக்கியைத் தொட்டது. பாதி தூக்கியது.

உள்ளேயிருந்து ஒரு குரல். அவள் குரல். கூடுதலாக ஒரு இழை இனிப்பு.

"அதைத்தான் நான் மதியமே திருத்திட்டேனேங்க."

அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று, ஈரத் துணியால் துடைத்த பலகை போல, போய்விட்டது. கை சங்கிலியை விட்டது.

"மன்னிச்சுக்குங்க. பொருந்தலைங்க."

அவர் நகர்ந்தார். நகர்ந்த இடத்தில் மகள் வந்து நின்றாள். பள்ளிச் சீருடை. பின்னலில் புது ரிப்பன். இடைவெளியில் ஒரு கண்.

"கண்ணு. அம்மாடா. வெளிய வா. மெதுவா சங்கிலிய எடு."

குழந்தை பார்த்தாள். வாயைத் திறந்தாள். அம்மா என்று சொல்ல வருகிற அதே வாய்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது.

அவசரமே இல்லாத கை. ஊசி குத்தின தழும்பு ஒன்றுகூட இல்லாத கை. விரல் மடிப்பில் சுருக்கம் இல்லை. மடிப்பே இல்லை. நகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் தோல். அது குழந்தையின் நெற்றியைத் தடவி, மெல்ல இறங்கி, கண்ணைப் பொத்தியது.

"தெரியாதவங்ககிட்ட பேரு சொல்லக் கூடாது, கண்ணு."

குழந்தை தலையாட்டினாள். வழுவழுத்த இரண்டு விரல்களுக்கு நடுவே அந்தக் கண் இன்னும் திறந்தே இருந்தது, அவளையே பார்த்தது, தெருவில் போகிற யாரையோ பார்ப்பது போல, கொஞ்சம் வேடிக்கையாக, கொஞ்சம் பயமாகப் பார்த்தது. பிறகு விரல்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் கோடே இல்லாமல் ஒரே தோலாக மூடிக்கொண்டன.