பேரைச் சொன்னால் கை அசையும்

பட்டறையில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர்.

கம்பெனியை நிறுவிய பெரியவர். அவருடைய மகன். மகள். அந்த மகளைக் கட்டிய மாப்பிள்ளை. இயந்திரத்தை விலை பேச வந்த வெளியூர் வியாபாரி.

அலறியது மகள்.

விழுந்து கிடந்தது பெரியவர்!

அவருக்கு மேலே, ஆளுயர இரும்புக் கை ஒன்று, ஒன்றுமே நடக்காதது போல அந்தரத்தில் நின்றிருந்தது. வெல்டிங் வேலைக்கென்று அந்தக் குடும்பமே உருவாக்கிய கை. எதிரே இருந்த தகட்டை நோக்கி மெல்ல இறங்க வேண்டியது. இறங்கவில்லை. சுழன்றது... பாதுகாப்புக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று வியாபாரியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த பெரியவரின் தோளில் பாய்ந்தது.

பட்டனை அழுத்தியவர் மாப்பிள்ளை.

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் ஜீப் வந்தது.

இறங்கியவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். வியாபாரி முந்திக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார். மாப்பிள்ளை அழுத்தினார், மாமனார் விழுந்தார், தனக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

மகன் ஓரமாக நின்றான். அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தான். உண்மை. வயிற்றின் ஒரு மூலையில் ஏதோ குளிர்ந்தது. அதுவும் உண்மை.

மாப்பிள்ளை வந்த இந்த மூன்று வருடமாக எரிந்த வயிறு அது!

அப்பாவுக்கு அவன் 'டேய்'. மாப்பிள்ளை 'வாங்க, உக்காருங்க'. பத்து வருடம் ராப்பகலாக அவன் கட்டிய ப்ரோக்ராமுக்கு அப்பா தந்த பரிசு ஒரு 'ம்'. வந்த மாதமே மாப்பிள்ளை அதில் ஒரு சின்னக் குறையைச் சுட்டிக்காட்ட, 'மூளைன்னா இது' என்று சாப்பாட்டு மேஜையில் வைத்து மெச்சினார். கூடப் பிறந்த தங்கை சிரித்தாள். அவன் பாதியில் கை கழுவி எழுந்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். மகன் முன்னால் வந்தான். கழுத்தில் கயிறு இறுகப்போவது மாப்பிள்ளைக்கு என்பதால், விளக்கம் தாராளமாகவே வந்தது.

"மேல ஓடுறது ஒரு ஸ்க்ரிப்ட் மேடம். அது மேஸ்திரி மாதிரி. நிஜ வேலை பார்க்குறது கீழே ரெண்டு துண்டு ப்ரோக்ராம், மாட்யூல்னு பேர். சி மொழில எழுதி, மெஷினுக்குப் புரியற மாதிரி கம்பைல் பண்ணது. ஒண்ணு என்னுது. கை எந்தக் கோணத்துல இருக்கு, என்ன வேகம்னு மெமரில எழுதி வைக்கும். இன்னொண்ணு மாப்பிள்ளையோடது. அதைப் படிச்சுக் கையை நகர்த்தும்."

"உங்க மெமரி எங்க இருக்குன்னு அவரோடதுக்கு எப்படித் தெரியும்?"

"முகவரியை ஒரு கேப்ஸ்யூல்ல வச்சுக் கொடுப்பேன்."

"மாத்திரையா?"

"அதே மாதிரிதான். மேல உறை. உள்ளே பாயின்ட்டர், அதாவது மெமரி முகவரி. ஸ்க்ரிப்டால உறையைக் கைமாத்தி விடத்தான் முடியும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. உறைக்கு ஒரு பேர் உண்டு. வாங்குற மாட்யூல் அந்தப் பேரை அட்சரம் பிசகாமச் சொல்லணும். சொன்னாத்தான் திறக்கும். தப்பாச் சொன்னா எல்லாம் அப்படியே நின்னுடும்."

"சரியாச் சொன்னா?"

"முகவரி கிடைச்சிடும். அங்க எது முதல்ல இருக்கு, எது அடுத்து இருக்குன்னு அதுக்கு மேல யாரும் சரிபார்க்க மாட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்புறதுதான்."

"இந்தக் குடும்பத்துலயா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

 கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தன் மாட்யூலையே வெறித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மெல்லத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"இதுல நான் எழுதாத ஒண்ணு இருக்கு மேடம். கேப்ஸ்யூலோட பழைய பேருக்கு வால்ல ரெண்டுன்னு ஒரு நம்பர் முளைச்சிருக்கு. நான் போடல."

புதுப் பெயர் வைத்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஜீப் கதவு மாப்பிள்ளைக்காகத் திறந்தே கிடந்தது...

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க." மாப்பிள்ளை தயங்கினார். "உள்ளே இருந்த வரிசையை மாத்தினீங்களா?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. மரியாதை குறையவில்லை. அதுதான் சுட்டது! இந்த நிலையிலும் இந்த மனுஷனுக்கு நல்லவனாக இருக்க முடிகிறதே!

"மாத்தினேன்" என்றான் மகன். "கோணம் முதல்ல, வேகம் அடுத்துன்னு இருந்தது. பேரை மாத்த ஒரு சாக்கு வேணும்னு திருப்பிப் போட்டேன். இவர்கிட்ட சொல்லல. வரிசை மாறினா பேரையும் மாத்தணும், அது முறை. அதனால பேரையும் மாத்தினேன். இவர் மாட்யூல் பழைய பேரைச் சொல்லும்... உறை திறக்காது... வியாபாரி முன்னாடி இவர் திருதிருன்னு முழிப்பாரு. அவ்வளவுதான் என் ஆசை. கை அசையவே கூடாது மேடம்."

"அசைஞ்சுதே."

"யாரோ இவர் மாட்யூல்லயும் புதுப் பேரைப் போட்டுட்டாங்க. அதான் திறந்துடுச்சு. ஆனா உள்ளே படிச்சது பழைய வரிசைப்படி. வேகத்தைக் கோணம்னு எடுத்துக்கிட்டு, இல்லாத இடத்துல இருக்கறதா நினைச்சு, கை தாவியிருக்கு."

எந்த ஆள் மாற்றியது என்று கம்ப்யூட்டர் காட்டாதா என்றார் இன்ஸ்பெக்டர். காட்டாது என்றாள் மகள். ஒரே குடும்பத்துக்கு எதற்கு நாலு பாஸ்வேர்டு என்பது அப்பாவின் உத்தரவு.

"அப்போ ரெண்டு பேரும் ஏறுங்க."

ஏறினார்கள். ஜீப்பிலும் மாப்பிள்ளைக்குத்தான் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மகன் அதையும் கவனித்தான்.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. ஆஸ்பத்திரி! பெரியவருக்கு நினைவு திரும்பிவிட்டதாம். ஜீப் திசை மாறியது.

தோளில் மாவுக்கட்டு. ஆனாலும் முதுகு தலையணையில் சாயவில்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார் பெரியவர். மகனையும் மாப்பிள்ளையையும் போலீசோடு பார்த்ததும் புருவம் நெரிந்தது. என் வீட்டுப் பிள்ளைகள் எதற்கு ஜீப்பில் வந்தார்கள் என்று அதட்டினார். இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"பேரை மாத்தினது நான்" என்றார் பெரியவர்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காலையில் யாரும் வருமுன் ஒத்திகை பார்த்தாராம். கேப்ஸ்யூல் திறக்கவில்லை. இரண்டு மாட்யூலையும் விரித்துப் பார்த்தார். ஆளுக்கொரு பேர்! இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பேரைத் திருத்தி, தன் கையாலேயே கம்பைல் செய்தார். திறந்துவிட்டது, அதற்குமேல் ஓட்டிப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றான் மகன்.

"கேட்டா, என் வீட்டுல பிளவுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இன்ஸ்பெக்டர் விடவில்லை. மகன் மாற்றியதைப் பழையபடி ஆக்காமல், மாப்பிள்ளையுடையதைத் திருத்தியது ஏன் என்றார்.

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"இவன் மாத்தினா சரியாத்தான் மாத்தியிருப்பான். பத்து வருஷத்துல இவன் எழுதினதுல நான் ஒரு எழுத்தைத் தொட்டதில்ல. மாப்பிள்ளை தங்கமானவர்தான்... ஆனா நேத்து வந்தவர்தானே."

 மகன் இத்தனை வருடம் ஏங்கிய ஒரு சொல்... அப்பாவின் தோளை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

பக்கத்தில் மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிருந்தது. மகனுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். மூன்று வருடமாகத் தினமும் கண்ணாடியில் பார்த்த முகம்!

சொத்துக்காக மாப்பிள்ளை மாமனார்மேல் இயந்திரத்தை ஏவிவிட்டார் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது.

தவறு.

பெரியவரை அடித்தவர் பெரியவரேதான்... அதுவும் ஒரு எரர் கூட இல்லாமல் கம்பைல் செய்து!